ஒத்தைச் சக்கரம் கழற்றி வைத்த முன்சக்கரம்

இரண்டு சக்கர வண்டியை வாங்கி அதை ஒரு சக்கர வண்டியாகவே வைத்துக் காப்பாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் சந்தில்தான் குடியிருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் சந்துக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாவு மில், ஒரு முடிதிருத்தும் கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு சாக்கடை. ஆகவே அவரைப் பற்றி நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எதிரில் வந்தால் ‘அண்ணே’, அந்தப் பக்கம் திரும்பினால் ‘ஒத்தைச் சக்கரம்’. மாடியில் பலகைத் தடுப்புப் போட்டுப் பிரித்த அறைகளில் அவருக்கு அடுத்த அறை எனக்கு. நான் அப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் அடுத்தவர் பிழை, வீட்டுக்கு வந்தால் பலகைக்கு அந்தப் பக்கம் ஒத்தைச் சக்கரம். என் நிலைமை உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் சாமான் கிடங்கில் அவருக்கு வேலை. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மாலுமியிடம் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார். உதைத்தால் முதலில் முனகும், பிறகு யோசிக்கும், பிறகு வீடே அதிரும்படி கிளம்பும். திங்கள் முதல் சனி மத்தியானம் வரை அதில்தான் செம்பவாங் போய்வருவார். அதுவரைக்கும் அவர் நம்மைப் போல ஒரு மனிதர்தான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவார். அடுத்து சக்கரத்தைக் கழற்றுவார். கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் கோணியை விரித்து, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியை முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவார். பிரேக் கேபிளை விடுவித்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியில் உள்ள நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். சக்கரம் கையோடு வந்துவிடும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். வண்டி கீழே பெட்டியின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். மறுநாள் ஞாயிறு மத்தியானம் சக்கரம் இறங்கி வரும். மாட்டுவார், உதைப்பார், போய்விடுவார்.

“என்னண்ணே, மறுபடியும் கழட்டிட்டீங்க?”

“மெயின்டனன்ஸ் லா. பிரேக் ஷூ கொஞ்சம் மொகம் கோணியிருக்கு.”

அடுத்த வாரம் பேரிங் இறுகியிருக்கும். அதற்கு அடுத்த வாரம் ஒரு கம்பி தளர்ந்திருக்கும். சிங்கப்பூர்த் தீவிலேயே நன்றாகப் பராமரிக்கப்பட்ட முன்சக்கரம் அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். பின்சக்கரம் பாவம், டயர் வழுக்கையாகி, கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு கிடந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

சக்கரத்தைத் தனியாக விடவும் அவருக்கு மனது வராது. ஒரு சனிக்கிழமை கோப்பிக்கடைக்கே அதைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அதையும் குடித்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அதுதான் அவருடைய வியாதி. பிறவியிலேயே அந்த வாயில் ‘இல்லை’, ‘முடியாது’, ‘வேண்டாம்’ மூன்றையும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். ஓசி வண்டிக்கு அலையும் சந்தில் இப்படி ஒரு மனிதர் குடியிருந்தால் என்ன ஆகும்? பால்காரர் அந்த வண்டியை வாங்கிக்கொண்டு போய் சுவா சூ காங் பண்ணையிலிருந்து ஓர் ஆட்டைப் பின்னால் உட்கார்த்தி வைத்துக் கொண்டுவந்தார். ஆடு வரும் வழியிலேயே சீட்டைப் பாதி தின்றுவிட்டது. “பரவால்ல லா, பழைய சீட்டுதானே” என்றார் நம்மவர். தோ பாயோவில் பெண் பார்க்கப் போன ஒருவன், வண்டி தன்னுடையதுதான் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டான். அவன் மானத்தைக் காப்பாற்ற அண்ணன் ஒரு மாதம் பஸ்ஸில் போனார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. அவர் மனைவி கமலா அக்காவுக்குக் காசநோய்.

அந்த நாளில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஊருக்கு மேற்கே, ரப்பர் மரங்களைத் தாண்டி, அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி. அந்தப் பெயரைக் கேட்டால் டாக்ஸிக்காரர் நிறுத்தாமல் போய்விடுவார். வீட்டுக்கார ஆச்சியின் காதில் விழுந்தால் அறையைக் காலி பண்ணச் சொல்வார். பலகைத் தடுப்பு வழியாக இருமலைக் கேட்டவன் ஆகையால் எனக்கு மட்டும் அண்ணன் உண்மையைச் சொன்னார். “யாராச்சும் கேட்டா, கிள்ளான்ல அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க தம்பி.” நானும் அப்படியே சொன்னேன். ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு.

ஆஸ்பத்திரியில் ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் பார்வை நேரம். மணி அடித்ததும் வாசலில் காவல்கார ஜாகா கேட்டைச் சாத்திவிடுவார். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். பஸ் மாறி பஸ் மாறிப் போகவேண்டும், கடைசிப் பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் மனது வைத்தால்தான் வரும். வண்டி இருந்தால் ஒரே மூச்சு.

ஒரு ஞாயிறு காலை மாவு மில் ரெங்கசாமி வந்து நின்றார். நல்ல மனிதர், எப்போதும் தலை முதல் கால் வரை மிளகாய்த்தூள். மச்சானை ஒரு வேலை விஷயமாக செம்பவாங்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு உடனே வந்துவிடுவதாகச் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு போனார். போன வீட்டில் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்துக்கொண்டார்கள். சாப்பிட்டதும் கோப்பி குடிக்காமல் போகக்கூடாது என்றார்கள். பொழுது சாயும்போது ரெங்கசாமி ஏப்பத்தோடு வந்து இறங்கினார். இங்கே அண்ணன் காத்திருந்து காத்திருந்து, பிறகு பஸ் பிடித்து ஓடி, சாத்திய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். “பரவால்ல லா” என்றுதான் ரெங்கசாமியிடமும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் அறை வாசலில் உட்கார்ந்தார். “அவ பேசவே இல்ல தம்பி. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. நீங்களும் என்னை விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்னு, கடைசில அது ஒண்ணுதான் சொன்னா.” அதற்கடுத்த சனிக்கிழமைதான் முன்சக்கரம் முதல் தடவையாக மாடிப்படி ஏறியது. முடியாது என்று சொல்ல வராத மனிதர், சக்கரத்தை விட்டுச் சொல்ல வைத்தார்.

கொஞ்ச நாள் இது நன்றாகவே நடந்தது. பிறகுதான் எங்கள் சந்தின் நல்ல குணம் குறுக்கே வந்தது.

ஒரு சனிக்கிழமை அண்ணன் கோணி விரித்ததும் முடிதிருத்தும் கடை சவரிமுத்து கத்தரியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். “தனியாவே கஷ்டப்படுறீங்களே அண்ணே. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?” அவர் பின்னாலேயே ரெங்கசாமி. அவர் பின்னால் பால்காரர், கையில் ஒரு டப்பா கிரீஸ். அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உதவிக்கு வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவேண்டும். அதுதான் அவருக்கு வராதே!

அன்று முதல் நன்றாக ஓடிய ஒரு சக்கரத்துக்கு வாராவாரம் வைத்தியம் நடந்தது. பிரேக் தகட்டைக் கழற்றுவார்கள், அச்சை உருவுவார்கள், பேரிங் குண்டுகளை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, மறுபடி அடுக்குவார்கள். சவரிமுத்துவின் விரல்களுக்குப் பிரேக் கேபிள் அத்துப்படி. நட்டு முடுக்குவது ரெங்கசாமி. அண்ணனும் ஒரு வாஷர் இடம் மாறியிருந்தால்கூட “மறுபடி கழட்டுங்க லா” என்பார். பொய்க்காகச் செய்கிற வேலை என்றாலும் சுத்தமாகச் செய்யவேண்டும் அவருக்கு. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்து, இப்படியும் ஒரு கூத்தா என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “திங்கக்கிழமை காலைல அவளுக்கு ஆபரேஷன் தம்பி. நெஞ்சைத் திறக்குறாங்களாம். ரொம்ப பயப்படுறா. ஞாயித்துக்கிழமை கட்டாயம் வந்துருவேன்னு வார்த்தை குடுத்திருக்கேன்.”

“அப்ப இந்த வாரம் சக்கரத்தைத் தொடாதீங்கண்ணே!”

“தொடலேன்னா யாராச்சும் வண்டி கேப்பாங்களே.”

இந்த மனிதரோடு யார் வாதாடுவது? வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை உதவிப் படை வழக்கத்தைவிட உற்சாகமாக வந்தது. ஆளாளுக்கு ஒரு துணி, ஆளாளுக்கு ஒரு யோசனை. பாதியில் மழை பிடித்துக்கொண்டதால் பேரிங் குண்டுகள் மண்ணெண்ணெய்க் கிண்ணமான மங்கிலேயே ஊறின, மீதியை ஞாயிறு காலை பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். ஞாயிறு காலை பசியாறி, பேசி, எல்லாரும் வந்து சேர மத்தியானம் நெருங்கிவிட்டது. அண்ணன் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை போட்டு, அக்காவுக்கு ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டி வைத்துவிட்டு, கையை மட்டும் மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அச்சுக்கு எண்ணெய் போட்டாயிற்று. “குண்டை எடுங்க லா” என்றார்.

மங்கு காலியாக இருந்தது. பளபளவென்று துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

“இதுல இருந்தது?” என்றார் அண்ணன்.

ரெங்கசாமி சிரித்த முகத்தோடு சொன்னார். “அழுக்குத் தண்ணி கெடந்துச்சு. ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்னு லோங்காங் சாக்கடைல ஊத்திட்டு, நல்லா கழுவி வெச்சுட்டேன்.”

அண்ணனுடைய வாய் பழக்கத்தில் தானாகவே “பரவால்ல லா” என்றது. சொல்லிவிட்டு அவர் தொப்பென்று கோணியின் மேல் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை முழுக்கக் கிரீஸ், துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணனைப் பஸ்ஸில் ஏற்றிவிடலாமா என்று பார்த்தேன், அந்த நேரத்துக்குக் கிளம்பினால் கேட் சாத்தியபிறகுதான் போய்ச் சேரமுடியும். சைக்கிள் கடைச் சீனக் கிழவருக்கு அன்றைக்கு விடுமுறை; அவரிடம் இருப்பதும் சைக்கிளுக்கான பொடிக் குண்டுகள்தான். பனியனோடு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து காலி மங்கைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், ரெங்கசாமியைப் பார்த்தார். மலாயில் ஏதோ திட்டினார். உள்ளே போய் ஓர் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து, சாக்கடைக்குள் இறக்கினார்.

எங்கள் சந்து அப்படி ஒரு மீன்பிடிப்பை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முதல் இழுப்பில் ஆணிகள் வந்தன. அடுத்ததில் புட்டி மூடிகள். அதற்கடுத்து கோப்பிக்கடைக் கரண்டி ஒன்று. கடைக்காரர் வந்து அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். ரெங்கசாமி வேட்டியை மடித்துக்கட்டி முழங்கால் சேற்றில் இறங்கி இரண்டு கையாலும் துழாவினார். முகத்தில் பாதி நுரையோடு சவரிமுத்துவின் வாடிக்கையாளர் ஒருவர் வந்து குனிந்து நின்று “அந்தா, அந்தா!” என்று வழிகாட்டினார். முதல் குண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தபோது மாடியிலிருந்த பெண்கள்கூடக் கை தட்டினார்கள்.

ஒவ்வொன்றாக வந்தன. சவரிமுத்து அவற்றைத் தன் கடை வெந்நீரில் கழுவினார், பால்காரர் துடைத்தார், அண்ணன் கிரீஸில் பதித்து அடுக்கினார். கடைசியில் ஓர் இடம் மட்டும் காலியாக நின்றது. காந்தம் போய்ப் போய் வெறுமனே வந்தது. ரெங்கசாமி சேற்றிலிருந்து நிமிர்ந்து பரிதாபமாகப் பார்த்தார். வாஷர் மாறினால் மறுபடி கழட்டச் சொல்லும் மனிதர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

“போதும். ஒண்ணு இல்லாட்டியும் ஓடும். மாட்டுங்க” என்றார்.

பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாராவாரம் வெட்டியாகச் செய்த வேலை அன்றைக்குக் கை கொடுத்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அச்சு நுழைந்தது, தகடு பொருந்தியது, இரண்டு பேர் முன்பக்கத்தைத் தூக்க, சக்கரம் ஃபோர்க்குக்குள் போய் உட்கார்ந்தது. சவரிமுத்து கேபிளை மாட்டினார், ரெங்கசாமி சேற்றுக் கையோடு நட்டுகளை முடுக்கினார். அண்ணன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். ஓடியது. வெள்ளைச் சட்டையில் கிரீஸும் சேறும். மாற்ற நேரமில்லை. உதைத்தார், வண்டி வீடே அதிரும்படி கிளம்பியது.

அப்போது ரெங்கசாமி ஆரஞ்சுப் பையை எடுத்து ஹேண்டிலில் மாட்டினார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், இன்ஜின் சத்தத்துக்கு மேலே கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

“அண்ணே, அக்காவைக் கேட்டதா சொல்லுங்க.”

“நாளைக்குக் காலைப் பூசையில அக்காவுக்காக வேண்டிக்கிறேன். பயப்பட வேணாம்னு சொல்லுங்க” என்றார் சவரிமுத்து.

கிள்ளான் என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வண்டி மறைந்ததும் நான் சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டேன். “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லா கேட்டீங்க தம்பி. மாசாமாசம் அவர் தலையைப் புடிச்சு முடி வெட்டுறவன் நான். ஆஸ்பத்திரி மருந்து வாசம் எனக்குத் தெரியாதா? குழாயடில நின்னு ஆபரேஷன் பத்திப் பேசுனா சந்துக்கே கேக்காதா? எல்லாருக்கும் மாசக்கணக்காத் தெரியும் லா. அவரே சொல்லாதப்ப நாம எப்படிப் போய்க் கேக்குறது? சும்மாவும் இருக்க முடியல. அதான் ஸ்பானரை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தோம்.”

வீட்டுக்கார ஆச்சிக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தவன் நான். அன்றைக்கு என் முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் தேடினேன்.

அவர் திரும்பிவரும் நேரத்துக்கு எல்லாருக்கும் அஞ்சடியில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. ரெங்கசாமி கூட்டிய வாசலையே கூட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

“மணி அடிக்கிறதுக்கு முன்னாடி போய்ட்டேன். சட்டை ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா, சொன்னேன். யார் யார் என்னை விசாரிச்சாங்கன்னு கேட்டா. பேரெல்லாம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்கன்னா.” அவர் காலிப் பையை மடித்தார். “எல்லாப் பேரையும் மறுபடி சொன்னேன் லா. அதுக்கப்புறம் சிரிச்சா.”

ரெங்கசாமி துடைப்பத்தைப் போட்டுவிட்டு மில்லுக்குள் போய்விட்டார். மிளகாய் கண்ணில் பட்டுவிட்டதாக உள்ளேயிருந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மில் ஓடுவதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கமலா அக்கா தேறி வந்து அடுத்த பொங்கலை எங்கள் மாடியில்தான் பொங்கினார். முதல் கரண்டி ரெங்கசாமிக்குப் போனது.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஆபரேஷன் முடிந்த அந்த வாரத்துச் சனிக்கிழமை. அண்ணன் செம்பவாங்கிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினார். இனி யாரும் வண்டி கேட்கப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும், சக்கரத்தைக் கழற்ற ஒரு காரணமும் இல்லை. ஆனால் சவரிமுத்து துணியோடு வந்து நின்றார். பால்காரர் கிரீஸ் டப்பாவோடு வந்தார். ரெங்கசாமி மங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்தத் தடவை எதையும் கொட்டமாட்டேன் என்கிற முகத்தோடு நின்றார். நானும் முதல் தடவையாக மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். யாருக்கும் திரும்பிப் போக மனது வரவில்லை. அண்ணன் எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மெதுவாகக் கோணியை எடுத்து விரித்தார்.

“முன்சக்கரத்துல ஏதோ சத்தம் வர்ற மாதிரி இருக்கு லா” என்றார்.

ஒரு சத்தமும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஆமாம், வருகிறது என்றோம்.